மசாஜ் சிகிச்சை எங்கிருந்து வந்தது, அதன் அடிப்படை முறைகள் என்ன?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஸ்வீடிஷ் மசாஜ், ஆயுர்வேத மசாஜ், தாய் மசாஜ் என்று ஊரெங்கும் பலகைகள் தொங்குகின்றன. உண்மையில் இந்தச் சிகிச்சை எங்கே, எப்போது தொடங்கியது? அடிப்படை முறைகள் எவை? என் அம்மாவுக்கு 62 வயது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிறார். மாலையானால் கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறார். நானே முறையாகக் கற்றுக்கொண்டு பிடித்துவிடலாமா?"

தாராளமாகப் பிடித்துவிடலாம். பிசியோதெரபி துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சில விலக்குகளைத் தெரிந்துகொண்டால் இது வீட்டிலேயே அச்சமின்றிச் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வரலாற்றைத் தாண்டிக் குதித்து நேராக முறைக்குப் போக எனக்கு மனமில்லை. ஏன் இதயத்தை நோக்கி நீவச் சொல்கிறார்கள், ஏன் வீங்கிய சுளுக்கை அழுத்திப் பிசையக் கூடாது என்பதற்கெல்லாம் விளக்கம் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கம் என்று ஒரு நாட்டையோ ஆண்டையோ காட்ட முடியாது. வலிக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகிறது. அதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எகிப்தில் தொடங்கியது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். சக்காராவில், ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முந்தைய அன்க்மாஹோர் என்பவரின் கல்லறைச் சுவரில், ஒருவர் கையையும் காலையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதுதான் ஆதாரம். அங்கே நடப்பது மசாஜா, நகம் திருத்துவதா, வேறு சிகிச்சையா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. ஆகவே கேள்வியை வேறு மாதிரிக் கேட்பது நல்லது: தேய்த்துவிடுவது எப்போது மருத்துவமானது? எவ்வளவு அழுத்தம், எந்தத் திசை, யாருக்கு, எப்போது கூடவே கூடாது என்று எழுதிவைக்கத் தொடங்கியபோது என்பேன்.

அப்படிப் பார்த்தால் கிரேக்கர்களை முதல் வரிசையில் வைக்கத் தோன்றுகிறது. ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களில், அழுத்தித் தேய்த்தால் உடல் இறுகும், மென்மையாகத் தேய்த்தால் தளரும், மிகுதியாகத் தேய்த்தால் மெலியும், அளவாகத் தேய்த்தால் சதை பிடிக்கும் என்று வருகிறது. தோள்மூட்டு நழுவியவர்களுக்கு அதை இடத்தில் பொருத்திய பிறகு எப்படித் தேய்ப்பது என்ற பேச்சும் உண்டு. கூற்றுகள் எல்லாம் இன்று நிற்குமா என்பது வேறு விஷயம். அளவு என்ற எண்ணம் வந்துவிட்டது. பெர்கமம் நகரில் கிளாடியேட்டர் வீரர்களுக்கு மருத்துவராக இருந்த கேலன் இன்னும் ஒரு படி போனார். அழுத்தத்தில் மூன்று நிலை, அளவில் மூன்று நிலை, இரண்டையும் பெருக்கினால் ஒன்பது வகைத் தேய்ப்பு என்று கணக்குப் போட்டார்.

நம் பக்கத்தில் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை எண்ணெய் தேய்ப்பை அன்றாட ஒழுக்கத்தோடு சேர்த்துவிடுகிறது. எண்ணெய் பட்ட குடமும் தோலும் வண்டி அச்சும் எப்படி உறுதிப்படுகின்றனவோ அப்படி உடலும் உறுதிப்படும் என்று அது காரணம் சொல்கிறது. சீனத்தில் தாங் வம்சக் காலத்தில் அரச மருத்துவக் கல்விக்கூடத்திலேயே மசாஜுக்குத் தனி ஆசிரியர்கள் இருந்தார்கள். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் சுகியாமா வைச்சி என்ற பார்வையற்ற மருத்துவர் பார்வையற்றோருக்கு அக்குபங்சரும் 'அன்மா' எனப்படும் மசாஜும் கற்றுத்தரப் பள்ளிகள் அமைத்தார். அந்தத் தொழில் அங்கே நீண்ட காலம் அவர்கள் கையில்தான் இருந்தது.

இவற்றை வேகமாகக் கடந்ததற்குக் காரணம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனிதரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பதுதான். ஷேக் தீன் முகமது, 1759இல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்துவிட்டு அயர்லாந்துக்குப் போனார். 1794இல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளிவந்த முதல் நூல் அது. 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார். சில ஆண்டுகளுக்குள் திவாலானார். ஐம்பதைத் தாண்டிய வயதில், கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் போய், 1814 முதல் நீராவிக் குளியலோடு, உடம்பைப் பிடித்துவிடும் நம் ஊர்ச் 'சம்பி'யையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். நோயாளி ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் மூலிகை நீராவியில் வியர்க்க வியர்க்க இருப்பார். கூடாரத்தின் துளைகள் வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டு அவர் உடம்பைப் பிடித்துவிடுவார்கள். மூட்டுவாதக்காரர்கள் குவிந்தார்கள். குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க உள்ளே மாட்டிவைத்தாராம். விளம்பரம் என்றால் அதுவல்லவா விளம்பரம். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என இரண்டு மன்னர்களுக்கு அவர் அரண்மனைச் 'சம்பி' மருத்துவர். 1822இல் தன் சிகிச்சை அனுபவங்களைத் தனி நூலாகவும் வெளியிட்டார். மேலை நாட்டு மசாஜ் வரலாறு எழுதுகிறவர்கள் இவரை ஓர் அடிக்குறிப்போடு தாண்டிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதே காலத்தில் ஸ்வீடனில் வேறொரு ஓட்டம். பெர் ஹென்ரிக் லிங் (1776-1839) வாள்வீச்சு ஆசிரியர். 1813இல் ஸ்டாக்ஹோமில் அரசு ஆதரவோடு உடற்பயிற்சிக்கான மத்திய நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று, படைவீரர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, அழகியலுக்கு ஒன்று எனப் பயிற்சியை நான்காகப் பிரித்தார். நோயாளிக்கான பிரிவில், சிகிச்சை தருபவரே நோயாளியின் கைகால்களை மடக்கி நீட்டுவதும், தேய்ப்பதும், அழுத்துவதும், தட்டுவதும் இருந்தன. பலகைகளில் நாம் பார்க்கும் 'ஸ்வீடிஷ் மசாஜ்' லிங் உருவாக்கியது என்று எங்கும் எழுதியிருக்கும். அது பாதி உண்மை. அவர் முதன்மையாகக் கற்றுத்தந்தது பயிற்சி. மசாஜ் அதில் ஒரு மூலை.

அந்த மூலையைத் தனி அறையாக்கியவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கர் (1838-1909). 1868இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டின் பொருள் கணுக்கால் சுளுக்கு; அதைக் கையால் தேய்த்துக் குணப்படுத்துவது எப்படி என்பது. சுளுக்கென்றால் வாரக்கணக்கில் காலை அசையாமல் கட்டிப்போடுவது அன்றைய வழக்கம். மெட்ஸ்கர் கட்டிப்போடாமல், தேய்த்து, விரைவில் நடக்கவைத்தார். பேர் பரவியது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் வரை அவரிடம் வந்தார்கள். அவர் எழுதியது மிகக் குறைவு. அவரும் அவர் வழிவந்தவர்களும் கையின் வேலையை ஒருசில அசைவுகளாக வகைப்படுத்தி, பிரெஞ்சுப் பெயர்களில் வழங்கினார்கள்: எஃப்ளராஜ் (நீவுதல்), பெட்ரிசாஜ் (பிசைதல்), ஃப்ரிக்‌ஷன் (உராய்வு), டாபோட்மான் (தட்டுதல்), வைப்ரேஷன் (அதிர்வு). இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் இருப்பவை இவைதான்.

தேய்த்தால் உள்ளே உண்மையில் ஏதாவது நகர்கிறதா என்று 1876இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் மோசங்காய்ல் சோதித்துப் பார்த்தார். முயலின் இரண்டு முழங்கால் மூட்டுகளிலும் கறுப்பு மையை ஊசிவழிச் செலுத்தினார். ஒரு காலை மட்டும் தேய்த்துவிட்டார். பிறகு அறுத்துப் பார்த்தபோது, தேய்த்த காலில் மை மூட்டைவிட்டு மேலேறி நிணநீர்க் கணுக்கள்வரை போயிருந்தது. தேய்க்காத காலில் மூட்டுக்குள்ளேயே தங்கியிருந்தது. முயல்களுக்குக் கொடுமைதான். ஆனால் கையின் அழுத்தம் நிணநீரை மேல்நோக்கித் தள்ளுகிறது என்பதைக் கண்ணால் காட்டிய சோதனை அது. பாதத்திலிருந்து தொடைப் பக்கமாக நீவச் சொல்வதற்கு ஓர் அடிப்படை இதிலிருந்து வந்தது. இன்னொன்று, கால் சிரைகளில் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகள் இருப்பது.

மசாஜுக்கு வந்த கெட்ட பெயர் இன்று நேற்று வந்ததல்ல. 1894இல் லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் நடந்த வேறு தொழிலைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுத, பெரிய அவமானமாயிற்று. நேர்மையாக இதைச் செய்துவந்த நான்கு பெண்கள், ராபின்சன், பேஜெட், மேன்லி, பால்மர் என்போர், அதே ஆண்டில் பயிற்சிபெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் செய்யக் கூடாது, மருந்து விற்கக் கூடாது, மருத்துவ ஏடுகளைத் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது, மருத்துவர் தனிப்பட்ட முறையில் கேட்டாலன்றி ஆண்களுக்குப் பொதுவான மசாஜ் கூடாது என்று விதிகள் வகுத்தார்கள். தேர்வு வைத்தார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தபோது இந்தப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. 1920இல் அரச சாசனம் கிடைத்தது. 1944இல் சங்கத்தின் பெயர் பிசியோதெரபி சங்கமாக மாறியது. என் தொழிலே அந்த அவமானத்திலிருந்து பிறந்தது என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

பின்னர் வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஜேம்ஸ் சைரியாக்ஸ் (1904-1985) என்ற எலும்பு மூட்டு மருத்துவர், பொத்தாம்பொதுவாகத் தேய்ப்பதை விட்டு, பழுதுபட்ட தசைநாரின் அந்த ஓர் இடத்தை மட்டும் விரல்நுனியால் கண்டுபிடித்து, நாரின் போக்குக்குக் குறுக்காகத் தேய்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். எங்கே என்ற கேள்விக்கு அவ்வளவு துல்லியமாக விடை கேட்டவர்கள் அதற்குமுன் அதிகம் இல்லை.

தமிழில் இதற்கு இணையான மரபு ஏட்டிலேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் 32. அவற்றில் ஒன்று தொக்கணம். அதை ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். மெட்ஸ்கர் வழிவந்த ஐந்தோடு இதை ஒப்பிட்டால் சுவையாக இருக்கும். தட்டலும் பிடித்தலும் அழுத்தலும் இரண்டிலும் உண்டு. முறுக்கல், இழுத்தல், மல்லாத்துதல் மூன்றும் மூட்டுகளையும் உடலையும் அசைக்கும் வேலை. ஸ்வீடன்காரரான லிங்கின் பயிற்சிப் பிரிவில் சேர வேண்டியவை. ஐரோப்பாவில் தசைக்கும் மூட்டுக்கும் தனித்தனிச் சிகிச்சையாகப் பிரிந்து போனது இங்கே ஒரே தலைப்பின் கீழ் இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்களின் வர்ம மருத்துவத்தில் இதோடு 108 வர்மப் புள்ளிகளின் அறிவும் சேர்ந்துகொள்கிறது. கேரளத்தில் களரிக்காரர்கள் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலேயே உழிகிறார்கள். மழைக்காலத்தில் கதகளி மாணவர்களுக்கும் இது பயிற்சியின் பகுதி. இவையெல்லாம் குருவிடம் இருந்து கற்க வேண்டியவை. காணொளி பார்த்து வர்மப் புள்ளியில் கை வைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

இனி முறைகள்.

நீவுதல்தான் முதலும் கடைசியும். எஃப்ளராஜ் என்றது இதைத்தான். உள்ளங்கை முழுவதும் தோலில் படிய, விரல்கள் தளர்ந்திருக்க, கை கால்களில் நுனியிலிருந்து உடல் பக்கமாக ஒரே சீராக இழுப்பது. மேலே போகும்போது அழுத்தம். திரும்பி வரும்போது கையை எடுக்காமல், அழுத்தாமல், பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு வர வேண்டும். எண்ணெயைப் பரப்புவது, தோலைச் சூடேற்றுவது, எந்த இடம் இறுகியிருக்கிறது என்று கை கண்டுபிடிப்பது எல்லாம் இதில்தான் நடக்கிறது. புதியவர்கள் செய்யும் தவறு அவசரம். கெண்டைக்காலின் அடியிலிருந்து முழங்கால்வரை போக நான்கைந்து நொடியாவது ஆக வேண்டும்.

அடுத்தது பிசைதல். தசையை எலும்பிலிருந்து தூக்கி, இரு கைக்குள் அடக்கி, ஒரு கை அழுத்தும்போது மறு கை விட்டு, மாற்றி மாற்றிச் செய்வது. பிடியில் வர வேண்டியது தசை. தோல் மட்டும் வந்தால் அது கிள்ளல். எண்ணெய் அதிகமானால் தசை கையில் நிற்காது, வழுக்கிவிடும். நம் ஊரில் எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டு, பிறகு அழுத்தம் கொடுக்க முடியாமல் திண்டாடுவார்கள். ஒரு காலுக்கு அரைத் தேக்கரண்டி போதும். நல்லெண்ணெயா தேங்காய் எண்ணெயா என்பது உங்கள் விருப்பம். வழுவழுப்புத் தருவதே அதன் முதல் வேலை.

உராய்வு முறைக்கு எண்ணெயே கூடாது. விரலும் தோலும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக நகர்ந்து, அடியில் இருக்கும் நாரின்மேல் குறுக்காக உரச வேண்டும். விரல் தோலின்மேல் வழுக்கினால் தோல் உரிந்து எரிச்சல்தான் மிச்சம். முழங்கையின் வெளிப்புற வலிக்கு, 'டென்னிஸ் எல்போ' என்பார்களே, அதற்குச் சைரியாக்ஸ் வழியில் இதைச் செய்வார்கள். முதல் ஓரிரு நிமிடம் வலிக்கும், பிறகு இடம் மரத்ததுபோல் ஆகும், அதன்பின் பத்து நிமிடம்வரை தொடர்வார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்வது வழக்கம். வீட்டில் செய்யும் வேலை இல்லை இது.

தட்டுதலும் அதிர்வும் மீதம். கையைக் குழித்துக்கொண்டு மார்பின் பின்புறத்தில் தட்டிச் சளியை இளக்குவது மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்டுகள் செய்யும் பழைய வேலை. சலூனில் தலையில் படபடவென்று தட்டுவதும் இந்த இனம்தான்; அது சுகத்துக்கு. முதுகெலும்பின் மேலும், கீழ் முதுகில் சிறுநீரகம் இருக்கும் பக்கங்களிலும் பலமாகத் தட்டக் கூடாது.

சலூன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலையைப் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுப்பார்களே, அதை அனுமதிக்காதீர்கள். கழுத்தெலும்புகளின் துளை வழியாக மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அந்தத் திருகலில் கிழிந்து பக்கவாதம் வந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வம்தான். இருந்தாலும், ஒரு சத்தத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்தா அது?

மசாஜ் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதில் கடைகள் அள்ளிவிடுவதை நம்ப வேண்டாம். உடலின் நச்சுகளை வெளியேற்றும் என்பது வெறும் பேச்சு. அதற்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. உடற்பயிற்சிக்குப் பின் தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தைக் கரைக்கும் என்று விளையாட்டுப் பயிற்சியாளர்கள்கூடச் சொல்வார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் செய்து, இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்து ஒப்பிட்டார்கள். 2012இல் வெளிவந்த அந்த முடிவின்படி மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் மாற்றம் இல்லை. கீழ் முதுகு வலி பற்றி 25 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு அறிக்கை, குறுகிய காலத்துக்கு வலி குறையலாம், ஆனால் சான்றுகள் வலுவானவை அல்ல என்ற அளவோடு நின்றது. வலி ஏன் குறைகிறது என்பதற்கு மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடு இன்றும் நல்ல தொடக்கம்: தொடுதலைச் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகள், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான வழியைக் கொஞ்சம் அடைத்துவிடுகின்றன.

எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு வேறொரு பக்கத்தில் இருக்கிறது. 1986இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டும் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளுக்கு மென்மையாகத் தடவி, கைகால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். அப்படிச் செய்யாத குழந்தைகளைவிட இவர்களின் அன்றாட எடையேற்றம் 47 சதவீதம் அதிகமாக இருந்தது; ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு உருவிவிடுவதற்கு இது ஒரு பக்கபலம். ஆனால் மூக்கு எடுப்பாக வரும் என்று பிடித்து இழுப்பதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் இதில் சேராது. எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.

சுளுக்குக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் மசாஜ் தேடிப் போவது அதற்குத்தான். கால் முன்னால் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்று ஊரில் ஆள் தேடுவார்கள். முதுகுப் பிடிப்பில் யார் மிதித்தாலும் சிலசமயம் விடத்தான் செய்யும். கணுக்கால் பிசகியிருந்தால் அந்த வேலையே வேண்டாம். மெட்ஸ்கர் பாதி வெற்றி பெற்றது தேய்த்ததால், மீதி காலை முடக்கிப் போடாததால் என்பது என் கணிப்பு. இன்றைய சிகிச்சையும் வீக்கம் தணியும்வரை அழுத்தித் தேய்ப்பதைத் தவிர்த்து, தாங்கும் அளவுக்கு நடமாடச் சொல்கிறது. முதலில் எலும்பு முறியவில்லை என்று தெரிய வேண்டும். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி எளிது: கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பு மொட்டின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் வலித்தால், அல்லது நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுங்கள். பாதத்தின் நடுப்பகுதி வலித்தால் அங்கும் எலும்பைப் பார்க்க வேண்டும். படம் பார்க்காமல் உருவி இழுத்து, மயிரிழை முறிவை முழு முறிவாக்கிக்கொண்டு வருபவர்களை என் துறையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இப்போது உங்கள் அம்மா. எண்ணெயைத் தொடுவதற்குமுன் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் கையை எடுத்துவிடுங்கள். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். பிசைந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள், நீண்ட விமானப் பயணம் போய்வந்தவர்கள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது என்றால் அது தசை அலுப்பாக இல்லாமல் தமனி அடைப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். நரம்புச் சுருள் என்று சொல்லும் புடைத்து நெளியும் சிரைகள் இருந்தால் அவற்றின்மேல் அழுத்த வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலிக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது, அழுத்தத்தைப் பாதியாக்குங்கள். இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மெல்லத்தான். காய்ச்சல், புண், தோல் தொற்று இருக்கும் நாளில் வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் தொடங்கலாம். குப்புறப் படுக்கச் சொல்லி, கணுக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். முழங்கால் சற்றே மடங்கித் தசை தளரும். குப்புறப் படுக்க முடியாதென்றால் நாற்காலியில் உட்காரவைத்துக் காலை உங்கள் மடியில் வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகே காலில் வையுங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரிலிருந்து மேல்நோக்கிப் பத்துத் தடவை நீவுங்கள். முழங்காலின் பின்குழி நெருங்கும்போது அழுத்தத்தை முழுக்க விட்டுவிட வேண்டும்; அங்கே இரத்தக்குழாயும் நரம்பும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. பிறகு தசையைத் தூக்கிப் பிசையுங்கள், கீழிருந்து மேலாக. முன்பக்கத்து எலும்பில் விரல் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிசையும்போது ஓரிடத்தில் முடிச்சுபோல் தட்டும். அங்கே ஒரு கட்டைவிரலின்மேல் மறு கட்டைவிரலை வைத்து, கை பலத்தால் தள்ளாமல் உடம்பை முன்னால் சாய்த்து அழுத்துங்கள். இருபது, முப்பது நொடி அசையாமல் நில்லுங்கள். விரலின் கீழே அது இளகுவது தெரியும். பத்துக்கு எத்தனை வலிக்கிறது என்று அம்மாவைக் கேளுங்கள். ஐந்தைத் தாண்டினால் அதிகம். வலித்தால்தான் பலன் என்பது பயில்வான்கள் கிளப்பிவிட்டது. மறுநாள் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தால் தசைக்கு நீங்கள் செய்தது காயம்தான். உங்கள் கட்டைவிரலுக்கும் அது பொருந்தும். இந்தத் தொழிலில் முதலில் பழுதாவது எங்கள் கட்டைவிரல் மூட்டுதான்.

கடைசியில் பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கி இருபது நொடி பிடித்திருங்கள். ஒருமுறை கால் நீட்டிய நிலையில், ஒருமுறை முழங்காலை மடக்கிய நிலையில் செய்ய வேண்டும். கெண்டைக்காலில் இரண்டு அடுக்குத் தசை இருக்கிறது. மேலடுக்கு முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பில் பற்றியிருக்கிறது; கீழடுக்கு தாண்டுவதில்லை. முழங்காலை மடக்கினால்தான் இழுப்பு கீழடுக்குக்குப் போகும், நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அலுத்துப்போவது பெரும்பாலும் அதுதான். ஐந்தாறு முறை மெதுவாக நீவி முடியுங்கள். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் போதும், வாரத்தில் மூன்று நான்கு நாள் செய்யலாம்.

பகலில் அவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, பத்துப் பதினைந்து தடவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதைச் செய்யாமல் நீங்கள் மட்டும் இரவில் பிடித்துக்கொண்டிருந்தால் அடுத்த நாளும் அதே வலி வரும். முடித்ததும் உள்ளங்காலில் ஒட்டிய எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு எழுப்புங்கள். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் கெண்டைக்கால் வலியே மறந்துபோகும்.